ஓக்மென்டட் கோர்டும் தம்பியின் விரலும்

தம்பியின் மண்டையை நான் மைக் ஸ்டாண்டால் உடைத்தது காணிச் சண்டையிலும் இல்லை, பெண் விவகாரத்திலும் இல்லை. கீபோர்டில் உள்ள மூன்று கட்டைகளுக்காக உடைத்தேன். சி, ஈ, ஜி ஷார்ப். இப்படி மூன்று சுரங்களை ஒரே நேரத்தில் அமுக்கினால் அதற்குக் கோர்டு என்று பெயர். இந்த மூன்றும் சேர்ந்தால் ஓக்மென்டட் கோர்டு. அன்றைக்கு எனக்கு அதன் பெயர் தெரியும், குணம் தெரியாது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு குதித்தவன் நான். அவன் தலையில் ஏழு தையல் போட்டார்கள்.

எங்கள் வீட்டில் வாய்க்கு முன்னால் கை பேசும். ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பிராதான் எங்கள் வீடு. அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். அந்தக் கத்தியின் பிடியாலேயே எங்களை அடிப்பார். வெட்டுப் பக்கம் படாமல் அடிக்கத் தெரியும் என்பதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். நானும் என்னைவிட இரண்டு வயது இளைய தம்பியும் அதையே படித்தோம். கறிக் குழம்பில் ஒரு எலும்புத் துண்டுக்காக அவன் என் முன்பல்லை உடைத்தான். பதிலுக்கு நான் அவன் காதைக் கடித்தேன். மறுநாள் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அடிக்கு அடி கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

அப்பா செத்த பிறகு எங்களைச் சேர்த்து வைத்தது பேண்ட். மாரியம்மன் கோயில் கமிட்டிக்குச் சொந்தமான ஒரு கீபோர்டும் ஒரு கிட்டாரும் இருந்தன. வெளிநாட்டு வேலைக்குப் போன எங்கள் தோட்டத்துப் பெண்கள் வாங்கிக் கொடுத்தவை அவை. கீபோர்டு என் கையில், கிட்டார் தம்பி கையில். நான் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன். அவனுக்குப் புத்தகமே வேண்டாம், ஒரு தடவை காதில் விழுந்தால் விரலில் வந்துவிடும். இதற்காகவே அவன்மேல் எனக்கு உள்ளுக்குள் ஓர் எரிச்சல் இருந்தது. பேண்டுக்கு நான்தான் தலைவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவன் சிரித்துக்கொண்டே, 'சரிங்க மாஸ்டர்' என்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

பதுளையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். இரண்டு பாட்டுகளை நடுவில் நிறுத்தாமல் ஒட்டி வாசிக்க வேண்டும் என்பது என் யோசனை. முதல் பாட்டு சி-யில் முடியும். அடுத்த பாட்டுக்குத் தாவ நடுவில் ஒரு பாலம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் மடத்தில் உட்கார்ந்து தேடினோம். சி கோர்டில் இருக்கிற ஜி-யை மட்டும் ஒரு கட்டை மேலே ஏற்றினேன். ஒரு விசித்திரமான சத்தம் வந்தது. இனிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. விழப் போகிறவன் விழாமல் நிற்கிற மாதிரி இருந்தது. தம்பி உடனே கிட்டாரில் அதைப் பிடித்துவிட்டான். 'அண்ணே, இதுதான்ணே, இதவிட்டா வேற கெடயாது' என்றான்.

அவரவர் கொப்பியில் எழுதிக்கொண்டோம். கீபோர்டில் என் சுண்டுவிரல் அடியில் அமுக்கியது சி. அதனால் நான் 'சி ஓக்மென்டட்' என்று எழுதினேன். கிட்டாரில் தடித்த கம்பி ஈ. அதை அடியில் வைத்துப் பிடித்ததால் அவன் 'ஈ ஓக்மென்டட்' என்று எழுதினான். ஒருத்தன் கொப்பியை இன்னொருத்தன் பார்க்கவில்லை. அதற்குள் கரண்ட் போய்விட்டது. பாலத்தைத் தாண்டி அடுத்த பாட்டை அன்றைக்கு வாசித்துப் பார்க்கவே இல்லை.

அந்த இரண்டாவது பாட்டை நாங்கள் எஃபிலும் எடுப்போம், ஏ-யிலும் எடுப்போம். பாடுகிறவருக்கு அன்றைக்குத் தொண்டை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. பேண்டில் வாசிக்கிற எவனுக்கும் கை ஒரு வழக்கம் பழகியிருக்கும். சி-யை இப்படி ஓக்மென்டட்டாக முறுக்கிவிட்டால் எஃபுக்குப் போகும். ஈ-யை முறுக்கிவிட்டால் ஏ-க்குப் போகும். நான் எழுதினது சி, ஆகவே போகிற இடம் எஃப். அவன் எழுதினது ஈ, ஆகவே போகிற இடம் ஏ. எங்கே போகிறோம் என்று பாடுகிறவரையோ, ஒருத்தனை ஒருத்தனோ கேட்கத் தேவையில்லை என்று இரண்டு பேருமே நினைத்துவிட்டோம்.

மண்டபத்தில் பொண்ணு வீட்டார் கொழும்பிலிருந்து வந்திருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. பாலம் வந்தது, அழகாக நின்றது. அடுத்த அடியில் நான் எஃபில் இறங்கினேன், தம்பி ஏ-யில் இறங்கினான். எஃபுக்குள் இருக்கிற சி-யும் ஏ-க்குள் இருக்கிற சி ஷார்பும் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள். இரண்டையும் ஸ்பீக்கரில் ஒன்றாகப் போட்டால் தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம்தான் வரும். பாடுகிறவர் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றார். பந்தியில் இருந்த ஒருத்தர் சோற்றுக் கையைத் தூக்கி, 'என்னா தம்பிமாரே, ஒரே மேடையில ரெண்டு கல்யாணமா?' என்று கேட்டார். மண்டபம் முழுவதும் சிரித்தது. தோட்டத்து பேண்ட் இவ்வளவுதான் என்று யாரோ சொன்னதும் என் காதில் விழுந்தது.

மேடைக்குப் பின்னால் போனதும் அவன் சட்டையைப் பிடித்தேன்.

'என்னா மசுருக்குடா ஏ-க்குப் போன?'

'ஈ ஓக்மென்டட் போட்டா ஏ-க்குத்தானே போகணும்? நீ எதுக்கு எஃபுக்குப் போன?'

'ஈ-யா? எவன்டா ஈ-ன்னு சொன்னான்? அது சி!'

'ஈ-ண்ணே. ஒனக்குக் காது இல்ல.'

காது இல்லை என்று அவன் சொன்னதுதான் என்னைக் கொளுத்தியது. உண்மை சுடும் அல்லவா? பக்கத்தில் இருந்த மைக் ஸ்டாண்டைத் தூக்கினேன். அதன் அடிப்பக்கம் வட்டமான இரும்பு. அது அவன் இடது புருவத்துக்கு மேலே இறங்கியது. தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. அவன் உடனே விழவில்லை. கண்ணுக்குள் இரத்தம் இறங்க என்னை நோக்கி வந்து, என் வயிற்றில் முழங்காலால் இரண்டு தடவை குத்தினான். நான் சுருண்டு அவன் காலைக் கடித்தேன். வாழை இலைகளும் தயிர்ச் சட்டிகளும் எங்கள்மேல் சரிந்தன. கல்யாண வீட்டு ஆண்கள் நான்கு பேர் சேர்ந்துதான் எங்களைப் பிரித்தார்கள். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் என் தம்பியின் இரத்தம் பட்டிருந்தது.

கல்யாண வீட்டில் இரத்தம் சிந்தினால் அது பேண்டோடு நிற்காது, தோட்டத்தின் மானப் பிரச்சினை ஆகிவிடும். கோயில் கமிட்டி கூடியது. பிழை செய்தவன் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு பேண்டை விட்டுப் போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பிழை யாருடையது என்பதுதான் கேள்வி. கமிட்டித் தலைவர் நல்ல மனுஷன், ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், முப்பது வருடம் வேலை செய்தவர். எங்கள் இரண்டு கொப்பிகளையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

'இதுல ஒரு எழுத்து, அதுல வேற எழுத்து. ஒரே நேரத்துல ரெண்டும் எப்புடிப்பா சரியா இருக்கும்? ரெண்டு பேர்ல ஒருத்தன் பொய் சொல்றான்' என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் அப்படித்தான் நினைத்தேன். 'சூடத்தக் கொளுத்துங்க. அடிச்சு சத்தியம் பண்றேன். அவனும் பண்ணட்டும்' என்று கத்தினேன்.

எங்கள் தோட்டத்தில் சூடம் அடித்துச் சத்தியம் செய்வது விளையாட்டு இல்லை. கோயில் வாசல் கல்லில் சூடத்தைக் கொளுத்தி, எரிகிற நெருப்பை உள்ளங்கையால் அடித்து அணைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். பொய்யாக அடித்தவனை ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள் முடிவதற்குள் ஆத்தா கேட்பாள். கோழி களவிலிருந்து புருஷன் பெண்சாதி சந்தேகம் வரை இப்படித்தான் தீர்ப்பார்கள். போலீசுக்குப் போனால்கூட இழுபடும், சூடத்துக்கு அப்பீல் கிடையாது.

அம்மா ஓடிவந்து வாசல் கல்லில் குறுக்கே படுத்துக்கொண்டாள். 'சூடம் வேணாம் சாமி. எவனக் கேட்டாலும் எம்புள்ளயத்தானே கேப்பா' என்று தலையைக் கல்லில் முட்டினாள். இரண்டு பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் அடித்தேன். 'நான் வாசிச்சது எழுதுன கோர்டு. தம்பி வாசிச்சது வேற கோர்டு. பொய்னா ஆத்தா என்னக் கேக்கட்டும்.' அடுத்த சூடத்தை அவன் அடித்தான். தலையில் கட்டு, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அவனும் அதே வார்த்தைகளைச் சொன்னான், தம்பி என்ற இடத்தில் அண்ணன் என்று மாற்றிச் சொன்னான். இரண்டு பேர் உள்ளங்கையிலும் கொப்புளம்.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, லயத்து வாசலில் யாரோ ஓடிவந்து ஸ்டோரில் தம்பிக்கு அடிபட்டுவிட்டது என்றார்கள். அவன் வாட்டிய கொழுந்தை உருட்டுகிற ரோலர் மெஷினில் வேலை செய்தான். நான் ஓடினேன். ரோலர் அறை வாசலில் ஒரு இரும்பு மூடியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள், அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன். தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் இடது கையை அங்கே வேலை செய்கிற ஓர் அக்கா, பெண்கள் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைக் கிழித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். படங்கையும் மீறி இரத்தம் கொட்டியது. மெஷினின் பல்சக்கரத்தில் தோலும் சதையும் ஒட்டியிருந்தன. மோதிர விரலைக் காணவில்லை. கொழுந்துக் குவியலுக்குள் கையை விட்டுத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அந்தக் கொழுந்தைக் கொட்டிவிட்டதாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

பின்னால் யாரோ ஒருத்தர் மெதுவாக, 'ஆத்தா காட்டிட்டா' என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி என்ன பிரயோசனம்? என் தம்பி இரத்தத்தில் உட்கார்ந்திருக்கிறான், எனக்குள் ஒருத்தன் கை தட்டுகிறான். நான் சொன்னது சரி, சி தான், ஆத்தாவே சொல்லிவிட்டாள்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது தோட்டம் மாறியிருந்தது. தண்ணீர் விழுகிற பீலிக் கரையில் அவன் குளிக்கப் போனால் மற்றவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டார், பொய்ச் சத்தியம் பண்ணினவனுக்குப் பெண் கொடுக்கமாட்டோம் என்று தாம்பூலத் தட்டையே திருப்பி அனுப்பினார்கள். தோட்டத்தில் ஒருத்தனும் அவன் கையைப் பற்றி ஸ்டோரில் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆத்தா தண்டித்ததற்குத் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய் என்ன கேட்பது?

ஒரு பின்னேரம் அவன் என் முன்னால் வந்து நின்றான். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்திருந்தான்.

'அண்ணே, எனக்கு ஈ-ன்னுதான் கேட்டுச்சு. ஆனா நாந்தான் பொய் சொல்லிருக்கேன் போல. எனக்கே தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சிருண்ணே' என்று சொல்லி, குனிந்து என் காலைத் தொட்டான்.

என் பல்லை உடைத்தவன், என் வயிற்றில் முழங்காலால் குத்தியவன், காலைத் தொட்டான். நான் பெரிய மனுஷன் மாதிரி, 'சரி விடு, எந்திரி' என்றேன். அடுத்த வாரம் அவன் மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டான். கிட்டாரைக் கமிட்டி பூட்டி வைத்தது.

மூன்று வருடம் நான் கீபோர்டும் கையுமாக நன்றாகத்தான் இருந்தேன். எல்லவில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஹோட்டல்களில் வாசித்தேன். பதுளையில் ஒரு டியூஷன் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். மேலைத்தேய சங்கீதத்தில் ஒரு பரீட்சை பாஸ் பண்ணினால் நல்லது என்றார்கள். பழைய வினாத்தாள் ஒன்றை வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன். கொடுத்த கோர்டின் அடிச்சுரத்தைத் தூக்கி மேலே வைத்து எழுது, அப்புறம் அதன் மூலச்சுரம் எது என்று சொல் என்பது கேள்வி. கொடுத்திருந்த கோர்டு சி, ஈ, ஜி ஷார்ப்.

முதலில் சாதாரண சி கோர்டில் செய்து பார்த்தேன். சி-யிலிருந்து ஈ நான்காவது கட்டை, கறுப்பையும் சேர்த்து எண்ண வேண்டும். ஈ-யிலிருந்து ஜி மூன்றாவது. ஜி-யிலிருந்து மேல் சி ஐந்தாவது. நான்கு, மூன்று, ஐந்து. இடைவெளிகள் வேறு வேறாக இருப்பதால் எப்படிப் புரட்டிப் போட்டாலும் எது தலை, எது கால் என்று காது கண்டுபிடித்துவிடும். சி-யைத் தூக்கி மேலே வைத்தாலும் அது சி கோர்டுதான்.

அடுத்து ஓக்மென்டட். சி-யிலிருந்து ஈ நான்கு. ஈ-யிலிருந்து ஜி ஷார்ப் நான்கு. ஜி ஷார்பிலிருந்து மேல் சி-யும் நான்கு. நான் திரும்ப எண்ணினேன். நான்கு, நான்கு, நான்கு. சி-யைத் தூக்கி மேலே வைத்தேன். ஈ, ஜி ஷார்ப், சி. மறுபடியும் நான்கு, நான்கு, நான்கு. கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி வாசித்தேன். எது தலை, எது கால் என்று சொல்லவே முடியவில்லை. மூன்றுமே தலை. சி என்று சொன்னாலும் சரி, ஈ என்று சொன்னாலும் சரி, ஜி ஷார்ப் என்று மூன்றாவது ஒருத்தன் வந்து சொன்னாலும் சரி. பன்னிரண்டு கட்டைகளில் இந்த மாதிரிக் கோர்டு மொத்தம் நான்குதான் உண்டு. மற்றதெல்லாம் அவற்றின் வேறு பெயர்கள்.

ஹாலிஎல சந்தியில் நிற்கிற ஒருத்தனைப் பார்த்து, இவன் பதுளைக்குப் போகிறவனா, பண்டாரவளைக்கா, வெலிமடைக்கா என்று சொல்ல முடியுமா? கேட்டால்தான் தெரியும். அந்தக் கோர்டும் அப்படித்தான் நிற்கிறது. அங்கிருந்து எஃபுக்கும் போகலாம், ஏ-க்கும் போகலாம், சி ஷார்புக்கும் போகலாம். மேடையில் நான் ஒரு பக்கம் நடந்தேன், அவன் ஒரு பக்கம் நடந்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரும்பால் கேட்டேன், நெருப்பால் கேட்டேன்.

ஈ, ஜி ஷார்ப், சி. அது அப்படியே கிட்டாரில் என் தம்பியின் கை பிடித்த பிடி. அதைப் பார்த்ததும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. முஷ்டியால் சுவரை அடித்தேன். லயத்துச் சுவர், பக்கத்துக் காம்பிராவில் சட்டி உருண்டு, 'என்னாப்பா அங்க?' என்று சத்தம் வந்தது. ஒன்றுமில்லை என்றேன். விரல் முட்டி உரிந்து கட்டைகளில் இரத்தம் பட்டது. வினாத்தாளில் பதில் எழுதினேன். பரீட்சையிலும் பாஸ் பண்ணினேன்.

சொன்னேனா? இல்லை. இரண்டு வருடம் சொல்லவில்லை. வாத்தியம் என்னிடம், மரியாதை என்னிடம். இன்னொன்றும் இருந்தது. 'தம்பி வாசிச்சது வேற கோர்டு' என்று சூடம் அடித்தேனே, அது பொய். அவன் என்ன பொய் சொன்னானோ அதே அளவு பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு ஒரு விரல் என்றால் எனக்கு எது? தேங்காய் உடைக்கும்போதும், பஸ் கதவை மூடும்போதும் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். டியூஷன் வகுப்பில் ஓக்மென்டட் கோர்டு வருகிற பக்கத்தைத் தாண்டிவிட்டு நடத்தினேன். இப்படிப்பட்ட கோழையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

போன திருவிழாவில் அம்மா தீச்சட்டி எடுத்தாள். வேப்பிலையைக் கையில் வைத்து, அதன்மேல் நெருப்புச் சட்டியை வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வர வேண்டும். அறுபத்து மூன்று வயதில் எதற்கு அம்மா என்று கேட்டதற்கு, நேர்த்திக்கடன் என்றாள். நான் வாசலில் பக்திப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் மூன்றாவது சுற்றில் என்னைக் கடந்தபோது சொன்னது கேட்டது. 'சின்னவன் பொய்ய மன்னிச்சிரு ஆத்தா. சின்னவன் பொய்ய மன்னிச்சிரு.' வேப்பிலை கருகி விழுந்திருந்தது. சட்டி வெறும் உள்ளங்கையில் இருந்தது. தோல் வெந்து வழிந்தது, அவள் இறக்கி வைக்கவில்லை. நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். பாட்டை நிறுத்தக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை, பேட்டரியில் வேலை செய்கிற சின்ன கீபோர்டு ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு பதுளையில் மொனராகலை பஸ் ஏறினேன். இறங்கி, ஆட்டோ பிடித்து, விசாரித்துப் போனபோது உச்சி வெயில். தம்பி வரப்பில் உட்கார்ந்து, கரும்பு வெட்டுகிற கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான். ஆள் கறுத்து, காய்ந்து போயிருந்தான். புருவத்துக்கு மேலே என் தழும்பு.

'அம்மாவுக்கு ஏதும்?' என்றான்.

'இல்லடா. ஒண்ணு காட்டணும்.'

கீபோர்டை வரப்பில் வைத்தேன். நான்கு, மூன்று, ஐந்து. நான்கு, நான்கு, நான்கு. சி-யைத் தூக்கி மேலே வைத்தேன். மூன்றாவது தடவைக்கு முன்பே அவன் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். அவனுக்குக் காது இருக்கிறது. குனிந்து, வலது கை ஒரு விரலால் ஈ-யைத் தொட்டான், சி-யைத் தொட்டான், திரும்ப ஈ-யைத் தொட்டான்.

'அப்ப நான் பொய் சொல்லல' என்றான்.

'இல்லடா. ரெண்டு பேரும் ஒரே கோர்டுதான் வாசிச்சோம்.'

இடது கையில் விரல் இல்லாத இடத்தைத் தடவினான். பிறகு, 'அந்த மெஷினு பல்சக்கரத்து மூடியக் கழட்டி ரெண்டு மாசமாச் செவுத்துல சாச்சு வச்சிருந்தாங்கண்ணே. நான் ஒருத்தங்கிட்டயும் கேக்கல. ஆத்தா கேட்டா, குடுத்துட்டேன்னு இருந்துட்டேன்' என்றான். எனக்கு அந்த இரும்பு மூடி ஞாபகம் வந்தது. தாண்டிப் போனவன் நான்.

'ஒனக்கு இது எப்பண்ணே தெரியும்?'

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். 'ரெண்டு வருஷமாத் தெரியும்' என்றேன்.

வலது கையால் என் சட்டையைப் பிடித்துத் தூக்கி, இடது கையால் அறைந்தான். கண்ணில் பொறி பறந்தது. வரப்பிலிருந்து வாய்க்காலில் விழுந்தேன். அவன் இறங்கி வந்து இன்னொரு தடவை அறைந்தான், வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் திருப்பி அடிக்கவில்லை. கத்தி பக்கத்தில்தான் கிடந்தது. அவன் அதை ஒரு தடவை பார்த்தான், நானும் பார்த்தேன். அவன் அதை எடுத்துக் கரும்புக்குள் தூர எறிந்துவிட்டு, உட்கார்ந்து அழுதான்.

'எங்கிட்டச் சொல்லி என்னா? போய் அங்க சொல்லு. பெரட்டுல சொல்லு. எல்லாருக்கும் கேக்குற மாரி சொல்லு' என்றான்.

மறுநாள் விடிந்ததும் வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்துக்குப் போனேன். கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் போனேன். கன்னத்தில் மூன்று விரல் பதிந்து கன்றியிருந்தது. இரண்டு பக்கத்தில் பக்கத்தில், நடுவில் வெறும் இடம், அதற்கப்பால் சுண்டுவிரல். கங்காணி பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் கீபோர்டைத் திறந்து வைத்தேன். சிலர் சிரித்தார்கள். எண்ணிக் காட்டினேன், புரட்டிக் காட்டினேன். கோர்டு எல்லோருக்கும் விளங்கியிருக்காது. ஆனால் கண்ணை மூடச் சொல்லி, எது அண்ணன் வாசித்தது, எது தம்பி வாசித்தது என்று கேட்டபோது ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை.

கமிட்டித் தலைவர் முன்னால் வந்தார். முகம் வெளிறியிருந்தது. 'அப்ப அந்த வெரலு? ரெண்டு பேரு கோர்டும் சரின்னா ஆத்தா எதுக்கு அவன் வெரல எடுத்தா?' என்று கேட்டார்.

'ஆத்தா எடுக்கலங்க. மெஷினு எடுத்துச்சு. மூடியக் கழட்டி வாசல்ல சாச்சு வச்சிருந்தாங்க. நான் அதத் தாண்டித்தான் போனேன். இங்க நெறையப் பேரு தாண்டித்தான் போனீங்க' என்றேன்.

பெண்கள் வரிசையிலிருந்து, அன்றைக்குத் தம்பியின் கையில் படங்கைச் சுற்றிய அக்கா முன்னால் வந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, தலைவரைப் பார்த்தார்.

'அந்த மூடி இன்னும் செவுத்துலதாங்க சாஞ்சிருக்கு. இன்னைக்கி அந்த மெஷினுல எம்மக நிக்கிறா' என்றார்.

ஸ்டோர்ப் பக்கம் ரோலர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தலைவர்தான் முதலில் ஓடினார். நாங்கள் எல்லோரும் அவர் பின்னால் ஓடினோம்.